உளுந்தஞ் சோறும் கோழி விருந்தும்

உபாத்தியாயர் தொழிலில் இருபது வருஷம் கழித்த ஒருவனிடம் உலகத்தார் இரண்டு காரியங்களை எதிர்பார்க்கிறார்கள். ஒன்று, எந்தப் பையனைக் கண்டாலும் அவன் உடனே புத்தி சொல்ல வேண்டும். இரண்டு, சொன்ன புத்தி பலிக்க வேண்டும். முதற் காரியத்தில் நான் ஒருநாளும் பின்வாங்கியதில்லை. இரண்டாவதைப் பற்றித்தான் இந்த வாரம் நேயர்களிடம் ஒரு வாக்குமூலம் கொடுக்கப் போகிறேன்.

சென்ற கோடை விடுமுறையில் ஒருநாள் காலை, புளியங்குடியிலிருந்து என் தமக்கை டெலிபோனில் கூப்பிட்டாள்.

"தம்பி, நீ ஒரு நடை வந்துவிட்டுப் போ. உன் மருமகன் கையை விட்டுப் போய்விட்டான். ராத்திரியானால் கதவைச் சாத்திக்கொண்டு செல்போனில் சண்டை போடுகிறான். 'சுடு, சுடு' என்று கத்துகிறான். வருகிற வருஷம் பன்னிரண்டாம் வகுப்பு. உன் அத்தானோ விடிவதற்கு முன் மண்டிக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருகிறார். நான் ஒருத்தி என்ன செய்வேன்?"

தமக்கை அழைத்தால் தட்ட முடியுமா? சங்கரன்கோவிலிலிருந்து பஸ் ஏறினேன். புளியங்குடியை அறியாத நேயர்களுக்காக ஒரு வார்த்தை. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், மதுரையிலிருந்து தென்காசிக்குப் போகும் சாலையில் இருக்கும் ஊர் அது. முன்பு திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. 2019-ஆம் வருஷம் முதல் தென்காசி ஜில்லாவில் இருக்கிறது. எலுமிச்சம்பழத்துக்குப் பெயர் போனது. மண்டிக்குள் நுழைந்தால் மூட்டை மூட்டையாக எலுமிச்சை. காற்றே புளிப்பாக மூக்கில் ஏறும். என் அத்தான் அந்த மண்டியில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறார். கோடையில் பழத்தின் விலை ஏறும். மழை நாளில் இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தின்படியே அவருடைய முகமும் மாறிக்கொண்டிருக்கும்.

நான் போய்ச் சேர்ந்தபோது இரவு மணி ஒன்பதரை. அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே மருமகனின் குரல்: "பின்னால் வருகிறான், பார்! மரத்துக்குப் பக்கத்தில்! நீ படுத்துக்கொள், நான் போகிறேன்!" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கதவைத் தட்டினேன். "ஐந்து நிமிஷம் மாமா, இப்போது வர முடியாது" என்று பதில் வந்தது. தாய்மாமன் ஊரிலிருந்து வந்து நிற்கிறான், ஐந்து நிமிஷமாம்! அந்த இடத்திலேயே என் தீர்ப்பை எழுதி முடித்துவிட்டேன் என்று ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் காலையில் அவனை உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசினேன். காலத்தின் அருமை, கண்ணின் அருமை, தாய் தந்தையரின் அருமை என்று ஒன்றையும் விடவில்லை. பையன் தலை குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில், "அக்கா, அந்தச் செல்போனை வாங்கிப் பீரோவில் பூட்டிவிடு, பத்து நாளில் தானாகச் சரியாகிவிடுவான்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். தமக்கை அப்படியே செய்தாள்.

பத்து நாள் கழிந்தது. பையன் ஒன்றும் சரியாகவில்லை. புத்தகத்தையும் தொடவில்லை, வீட்டில் யாரோடும் பேசவும் இல்லை. வாசற்படியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டே இருந்தானாம். பதினோராம் நாள் தமக்கை மனம் பொறுக்காமல் பீரோவைத் திறந்து போனைக் கொடுத்துவிட்டாள். அவன் அதை வாங்கிப் பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான், பிறகு அறைக்குள் போய்விட்டான். அழுதிருப்பான் போலிருக்கிறது என்று தமக்கை என்னிடம் சொன்னாள். ஒரு விளையாட்டுக்காக இவ்வளவு பெரிய பையன் அழுவதா என்று நான் அலட்சியமாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பின் விலை எனக்குப் பின்னால்தான் தெரிய வந்தது.

புரட்டாசி மாதத்தில் ஒருநாள் மழை பெய்து முற்றம் வழுக்கிக் கிடந்தது. தமக்கை கால் தவறி விழுந்ததில் வலக்கை மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு. எனக்குக் காலாண்டுப் பரீட்சை விடுமுறை ஆரம்பித்திருந்தபடியால், ஒத்தாசையாக இருக்கலாம் என்று போனேன்.

ஒத்தாசை! நேயர்களே, நான் சர்வகலாசாலையில் பட்டம் பெற்றவன். கம்பனுக்கு உரை சொல்வேன். ஆனால் நாற்பத்தைந்து வயது வரையில் ஒருநாளாவது அடுப்பில் உலை வைத்தவனல்லன். என் தாயார் இருந்தவரை அவர் பார்த்துக்கொண்டார். பிறகு என் மனைவி பார்த்துக்கொள்கிறாள். அத்தானும் என் இனந்தான். ஆகையால் மூன்று நாள் ஓட்டலிலிருந்து இட்டிலியும் பரோட்டாவும் வந்துகொண்டிருந்தன. நான்காம் நாள் தமக்கைக்கு வயிறு கெட்டுவிட்டது. அன்று காலையில் மருமகன் என் எதிரே வந்து நின்று, "மாமா, உங்களுக்கு உலை வைக்கத் தெரியுமா?" என்று கேட்டான்.

அதில் கேலி இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். "தெரியாது" என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை.

"அப்படியானால் நாம் இரண்டு பேரும் ஆரம்பிக்க வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டு அவன் அடுப்படிக்குப் போனான்.

தமக்கை வாசற்படியில் பலகையைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு, "உளுந்தஞ் சோறு போடு. வயிற்றுக்கும் ஆகும், எலும்புக்கும் ஆகும்" என்றாள். எங்கள் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர்களுக்கு உளுந்தஞ் சோற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: தோல் நீக்காத கறுப்பு உளுந்தை உடைத்து, அரிசியோடு சேர்த்து, பூண்டும் வெந்தயமும் தேங்காய்த் துருவலும் போட்டு ஒரே பாத்திரத்தில் ஆக்குகிற சோறு. தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். அரிசியில் குறைவாக உள்ள சத்து ஒன்று உளுந்தில் நிறைய இருக்கிறது; இரண்டும் சேர்ந்தால் மாமிசம் உண்ணாதவனுக்கும் உடம்பு கட்டும். பெரியவர்கள் ரசாயன சாஸ்திரம் படிக்காமலே இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

"தண்ணீர் எவ்வளவு அம்மா?" என்று பையன் கேட்டான்.

"அதெல்லாம் கண் திட்டந்தான்" என்றாள் தமக்கை.

"கண் திட்டம் என்றால் எத்தனை டம்ளர்?"

இருபத்திரண்டு வருஷமாகச் சமைக்கிற என் தமக்கையால் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. கைக்குத்தான் தெரியுமாம், அந்தக் கையோ கட்டுக்குள் இருந்தது. பையன் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தான். அது அவனுடைய விளையாட்டு நோட்டு. நான் முன்பு ஏளனமாகப் பார்த்த புத்தகம். அதில் சதுரக் கோடு போட்ட தாள்களில், ஏதோ ஒரு தீவின் படத்தை மலை, ஆறு, பாலம், வீடு என்று பென்சிலால் வெகு நேர்த்தியாக வரைந்து வைத்திருந்தான். எந்த வழியாகப் போனால் என்ன நேர்ந்தது என்று தேதி வாரியாகக் குறிப்பும் இருந்தது. பூகோளப் பாடத்தில் இவ்வளவு அக்கறையாகப் படம் வரைந்த மாணவனை என் வகுப்பில் நான் கண்டதில்லை. அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, "உளுந்தஞ் சோறு, ஆட்டம் 1, அரிசி 2 டம்ளர், உளுந்து அரை டம்ளர், தண்ணீர் 4" என்று எழுதினான்.

முதல் ஆட்டத்தில் அடிப்பிடித்துவிட்டது. வீடு முழுவதும் தீய்ந்த வாடை. நானாக இருந்தால் அத்துடன் கரண்டியை வைத்திருப்பேன். பையன் குக்கரின் அடியைச் சுரண்டிப் பார்த்து, "தண்ணீர் போதவில்லை" என்று எழுதிக்கொண்டான். மறுநாள் எட்டு டம்ளர் விட்டான், கஞ்சியாகிவிட்டது. "பரவாயில்லை, கஞ்சியும் நல்லதுதான்" என்று தமக்கை அதைக் குடித்தாள். மூன்றாம் நாள் ஆறு டம்ளர். சோறு பதமாக வெந்து, பூண்டு வாசனையும் தேங்காய் வாசனையும் கூடத்துக்கு வந்தன. அத்தான் மண்டியிலிருந்து வந்து ஒரு கவளம் வாயில் போட்டுக்கொண்டு, "மாப்பிள்ளை, இது யார் கை?" என்று என்னைக் கேட்டார். நான் மருமகனைச் சுட்டிக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார்.

அடுத்த வீட்டு ஆச்சி மட்டும், "ஆம்பிளைப் பிள்ளையை அடுப்படியில் விட்டிருக்கிறாயே" என்று அங்கலாய்த்தார். தமக்கைக்கு முகம் சிறுத்துவிட்டது. ஆனால் மறுநாள் அதே ஆச்சி கிண்ணத்தை நீட்டி எள்ளுத் துவையல் வாங்கிப் போனார் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

அந்த ஒரு வாரத்தில்தான் பையனுடைய நாள் எப்படிக் கழிகிறது என்று நான் கண்ணால் பார்த்தேன். காலை ஐந்தரைக்கு எழுந்து ஒரு மணி நேரம் கணக்குப் போடுகிறான். பள்ளிக்கூடம் உள்ள நாட்களில் மாலை வரை அங்கே, பிறகு டியூஷன். ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் தகப்பனாரோடு மண்டிக்குப் போய் மூட்டைக் கணக்கைச் சரி பார்க்கிறான். ஓடாத ரேடியோ, சுற்றாத மின்விசிறி எதைக் கண்டாலும் கழற்றிப் பார்ப்பது இன்னொரு பொழுதுபோக்கு. அவற்றில் பாதி மறுபடி ஓடுகின்றன. குற்றாலத்தில் சீஸன் வந்தால் சிநேகிதர்களோடு ஒருநாள் அருவிக் குளியல். இவை எல்லாம் போக, இரவு ஒன்பதரையிலிருந்து ஒன்றரை மணி நேரம் அந்த விளையாட்டு. தமக்கை கண்ணில் பட்டது அந்த ஒன்றரை மணி நேரம் மட்டுமே. எனக்கும் அப்படித்தான்.

ஐந்தாம் நாள் இரவு வழக்கம் போல் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து பதற்றமான குரல் வந்தது: "வேண்டாம், வேண்டாம்! இப்போது திறக்காதே! பொறு! இன்னும் இரண்டு வரட்டும்!" சண்டை உச்ச கட்டத்தில் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு நடந்தேன். அடுத்த வார்த்தை என்னை நிறுத்திவிட்டது.

"இரண்டு விசில் வந்ததும் அடுப்பை அணை. ஆவி தானாக அடங்கட்டும். அவசரப்பட்டுத் திறந்தால் முகத்தில் அடிக்கும்."

கதவைத் தட்டினேன். இந்தத் தடவை உடனே திறந்தது. போனின் திரையில் நான்கு பொம்மை வீரர்கள் ஆயுதத்தோடு சும்மா நின்றுகொண்டிருந்தார்கள். ஆட்டம் இன்னும் ஆரம்பமாகவில்லை. அந்த நால்வரில் ஒருவன் என் மருமகன், மற்றொருவன் காரைக்காலில் படிப்பவன், இன்னொருவன் ஓசூர்க்காரன். நான்காமவன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை செய்கிற பதினெட்டு வயதுப் பிள்ளை. சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். அங்கே ஓர் அறையில் தனியாக இருக்கிறான். மூன்று வேளையும் கடைச் சாப்பாடுதான். அன்றைக்குத்தான் பழைய குக்கர் ஒன்று விலைக்கு வாங்கியிருந்தான். என் மருமகன் அவனுக்கு உளுந்தஞ் சோறு கற்பித்துக்கொண்டிருந்தான். மற்ற இருவரும் ஆட்டத்தைத் தொடங்காமல், சோறு வேகும் வரை காத்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு மருமகன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"மாமா, கோடை விடுமுறையில் அம்மா போனைப் பூட்டி வைத்தார்களே, அந்தப் பத்து நாளில் இவனுக்குக் கடுமையான காய்ச்சல். நடக்கக்கூட முடியவில்லை. அறையில் கேட்க ஆள் இல்லை. ஊரில் சொன்னால் அம்மா பயப்படுவார்கள் என்று சொல்லவில்லை. எனக்குத்தான் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறான். போனைத் திறந்தபோது வரிசையாக இருந்தது. கடைசியில், 'உனக்கும் என் மேல் கோபமா?' என்று எழுதியிருந்தான்."

நான் ஒன்றும் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது? அந்தப் பத்து நாள் யோசனையைச் சொன்னவன் நான். ஒரு பொம்மையைப் பூட்டி வைப்பதாக நினைத்துக்கொண்டு ஒரு சிநேகிதத்தைப் பூட்டி வைத்திருக்கிறேன். எங்கள் காலத்தில் பிள்ளைகள் கூடுவதற்குத் திண்ணை இருந்தது, சாவடி இருந்தது, ஆற்று மணல் இருந்தது. தென்னாட்டுக் கோயில் மண்டபங்களின் கல் தரையில் ஆடுபுலியாட்டத்துக்குக் கோடு கீறியிருப்பதை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். எந்தக் காலத்துப் பிள்ளைகளோ கூடி உட்கார்ந்து ஆடிய அடையாளம் அது. திண்ணையை இடித்துக் கார் நிறுத்த இடம் செய்தவர்கள் நாம். பிள்ளைகள் தங்களுக்கு வேறு திண்ணை தேடிக்கொண்டால், அதற்குள் எட்டிப் பார்க்காமலே கதவைச் சாத்துகிறோம்.

அன்றிரவு முதன்முறையாக அந்த விளையாட்டு என்ன என்று அவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இந்த வகை ஆட்டங்களில் உலகப் பிரசித்தி பெற்ற 'பப்ஜி' 2017-ஆம் வருஷம் வெளிவந்தது. பிரெண்டன் கிரீன் என்ற ஐரிஷ்காரர் திட்டமிட, தென் கொரியாவில் ஒரு கம்பெனி தயாரித்தது. 2018-இல் செல்போனுக்கு வந்தது. சீனச் சம்பந்தத்தை முன்னிட்டு, 2020 செப்டம்பரில் நம் சர்க்கார் அதன் செல்போன் பதிப்பைத் தடை செய்தது. 2021-இல் இந்தியாவுக்கென்று தனிப் பதிப்பு வந்தது. அதன் விதி எளிது. நூறு பேர் ஆகாய விமானத்திலிருந்து ஒரு தீவில் குதிக்கிறார்கள். வெறுங்கையோடு இறங்கி, கிடைத்ததை எடுத்துக்கொண்டு, நாலு நாலு பேராகச் சேர்ந்து தப்பிப் பிழைக்க வேண்டும். நிற்கத்தக்க இடம் நேரமாக ஆகச் சுருங்கிக்கொண்டே வரும். ஓர் ஆட்டம் ஏறக்குறைய அரை மணி. கடைசி வரை நிற்கும் கூட்டத்துக்குத் திரையில் ஒரு வாழ்த்து வரும்: ஜயித்தவனுக்குக் கோழி விருந்து!

"கோழி எங்கே?" என்று கேட்டேன்.

"எழுத்து மட்டுந்தான் மாமா" என்றான்.

இதில் பெற்றோர் அறிய வேண்டிய முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. நடுவில் நிறுத்தி வைத்துவிட்டு, பிறகு வந்து தொடரும் ஆட்டம் இதுவல்ல. ஒருவன் எழுந்து போனால் மற்ற மூவரும் அகப்பட்டுக்கொள்வார்கள். அன்றைக்கு அவன் என்னை ஐந்து நிமிஷம் காக்க வைத்தது மரியாதைக் குறைவால் அல்ல. தோழர்களைக் கைவிடக் கூடாது என்பதால்தான். தாளிதம் பொரிந்துகொண்டிருக்கும்போது வாசலில் யாரோ கூப்பிட்டால், நம் வீட்டுப் பெண்கள் கரண்டியைப் போட்டுவிட்டா ஓடுகிறார்கள்? "உடனே வை!" என்பதற்குப் பதிலாக, "இந்த ஆட்டம் முடிந்ததும் வா" என்று சொல்லிப் பாருங்கள். வாக்குக் கொடுத்த பிள்ளை பெரும்பாலும் வருவான். வராவிட்டால் அப்போது கோபித்துக்கொள்ள நமக்கு நியாயம் இருக்கும்.

இவ்வளவு சொன்னதால், எல்லாம் நன்மைதான் என்று நான் வக்காலத்து வாங்குவதாக எண்ண வேண்டாம். விளையாட்டு வெறி என்பது மெய்யான வியாதிதான். உலக சுகாதார ஸ்தாபனம் 2019-இல் ஏற்றுக்கொண்டு, 2022 ஜனவரி முதல் அமலுக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. ஆனால் அங்கே இத்தனை மணி நேரம் ஆடினால் வியாதி என்று கணக்குச் சொல்லவில்லை. அடையாளங்கள் மூன்று: ஆட்டத்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் தன் வசத்தில் இல்லாமற் போவது, மற்ற எல்லாக் காரியங்களையும் விட அதுவே பெரிதாகிவிடுவது, கெடுதல் கண்ணுக்குத் தெரிந்தும் விடாமல் மேலும் மேலும் ஆடுவது. இவற்றால் படிப்பும் குடும்பமும் சீர்கெட்டு, பெரும்பாலும் ஒரு வருஷ காலமாவது நீடித்தால்தான் வைத்தியர்கள் அந்தப் பெயர் சொல்லுகிறார்கள். அப்படிப்பட்ட பிள்ளைக்கு வேண்டியது வைத்தியரின் உதவி, வசவு அல்ல.

பணம் கட்டி ஆடும் ஆட்டம் வேறு ஜாதி. அது சூதாட்டத்தின் தங்கை. அதை விளையாட்டோடு சேர்க்கவே கூடாது. 2025 ஆகஸ்டில் நம் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டமும் அந்தப் பணப் பந்தய ஆட்டங்களைத் தடை செய்து, போட்டி விளையாட்டாக ஆடுவதை வேறாகப் பிரித்திருக்கிறது. திரையில் ஆடும் போட்டிகளுக்குச் சீனாவின் ஹாங்ஸோ நகரில் 2023-இல் நடந்த ஆசிய விளையாட்டு விழாவிலே பதக்கமே கொடுத்தார்கள். அதற்காக வீட்டுக்கு வீடு பதக்கம் வரும் என்று கனவு காண வேண்டாம். பதக்கம் பெறுகிறவர் சிலர். பரீட்சை எழுத வேண்டியவர் எல்லோரும். ஆட்டத்துக்குள்ளேயே பொம்மைக்குச் சட்டை வாங்கு, துப்பாக்கிக்கு வர்ணம் வாங்கு என்று கடை விரித்திருப்பார்கள். பெற்றோரின் பாங்குக் கணக்கைப் பிள்ளையின் போனில் பதிந்து வைக்காமல் இருப்பது நலம்.

அப்படியானால் எதைக் கொண்டு இந்தப் பிள்ளைகளின் நாளைச் சமன் செய்வது? மருமகன் வீட்டில் நான் கண்டது ஒன்றே. கைக்கு ஒரு வேலை, அதுவும் மற்றவர் பசி தீர்க்கிற வேலை. திரையில் ஒருவன் செத்தால் மறுபடி பிழைத்து வருவான். தீய்ந்த சோறு மறுபடி அரிசியாகாது. திரையில் ஜயித்தால் கோழி விருந்து என்று எழுத்து வரும். அடுப்படியில் ஜயித்தால் கையொடிந்த தாயார் வயிறு நிறைய உண்பாள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பையனுக்கு நான் உபதேசிக்கவில்லை. மூன்றாம் நாள் தன் தகப்பனார் இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டபோது அவனே தெரிந்துகொண்டான். ஆனால் முதல் ஆட்டத்தில் தோற்றால் இரண்டாவது ஆட்டம் ஆட வேண்டும் என்ற பொறுமை அவனுக்கு எங்கிருந்து வந்தது? அதை அந்தத் திரைதான் கற்றுக்கொடுத்திருந்தது. என் வகுப்பில் ஒருமுறை தப்பாகக் கணக்குப் போட்ட பையன் மறுமுறை பலகைக்கு வரவே அஞ்சுகிறான். இதைப் பற்றி நான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

1910-ஆம் வருஷம் தென்னாப்பிரிக்காவில், ஜோஹான்னஸ்பர்க் நகருக்கு அருகில், காந்தி மகான் டால்ஸ்டாய் பண்ணையை ஏற்படுத்தினார். சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களுக்காக ஏற்பட்ட அந்தப் பண்ணையில் தமிழர்கள் பலர் இருந்தார்கள். வேலைக்காரர் கிடையாது. சமையலிலிருந்து துப்புரவு வரை எல்லாம் அங்கிருந்தவர்களே செய்தார்கள். உபாத்தியாயர் தாம் செய்யாத எதையும் பிள்ளைகளைச் செய்யச் சொல்லக் கூடாது என்பது அங்கே விதி. இதை நான் வகுப்பில் எத்தனையோ தடவை பாடமாக நடத்தியிருக்கிறேன். உலை வைக்கத் தெரியாமலே நடத்தியிருக்கிறேன்!

ஆகையால் விடுமுறையின் கடைசி நாள் நான் சமைத்தேன். மேற்பார்வை மருமகன். அவன் நோட்டில் உள்ள அளவை நேயர்களுக்கும் தருகிறேன். புழுங்கல் அரிசி 2 டம்ளர். தொலி உளுந்து அரை டம்ளர். இதை வெறும் சட்டியில் வாசம் வரும் வரை வறுத்துக்கொள்ள வேண்டும். பூண்டு 10 பல், வெந்தயம் அரைத் தேக்கரண்டி, சீரகம் அரைத் தேக்கரண்டி, அரை மூடித் தேங்காயின் துருவல், உப்பு, தண்ணீர் 6 டம்ளர். குக்கரில் நாலைந்து விசில். இறக்கி, ஆவி அடங்கியபின் திறந்து, ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டுக் கிளற வேண்டும். எள்ளுத் துவையலுக்குக் கறுப்பு எள்ளை எண்ணெய் இல்லாமல் படபடவென்று பொரியும் வரை வறுத்து, வறுத்த மிளகாய் வற்றல், சிறிது புளி, பூண்டு, உப்பு வைத்துக் கெட்டியாக அரைக்கலாம். புளியங்குடிக்குப் பெருமை செய்ய விரும்புவோர் மறுவேளைக்கு எலுமிச்சம்பழச் சாதம் கிளறலாம். ஆனால் சாற்றை அடுப்பில் கொதிக்க விடாதீர்கள், கசந்துபோகும். தாளிதத்தை இறக்கி வைத்தபிறகு பிழிய வேண்டும். மருமகன் பாஷையில் சொன்னால், சமையலிலும் எப்போது சுடுவது, எப்போது சும்மா இருப்பது என்று தெரிந்தவனே பிழைப்பான்.

பிற்பாடு அவன் எனக்கு அந்த ஆட்டத்தைக் கற்பித்தான். தீவில் இறங்கி இரண்டு நிமிஷத்துக்குள் யாரோ ஒருவன் என்னைச் சுட்டுவிட்டான். "முதல் ஆட்டம் இப்படித்தான் மாமா" என்று ஆறுதல் சொன்னான். நான் சமைத்த சோறும் கொஞ்சம் குழைந்துதான் இருந்தது. அதற்கும் அதே ஆறுதல் கிடைத்தது.

தமக்கையும் மகனும் பேசி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். இரவில் இரண்டு ஆட்டம். சனிக்கிழமை மட்டும் மூன்று. ஆட்டம் முடிந்ததும் போன் கூடத்து அலமாரிக்கு வந்துவிட வேண்டும். அதற்குப் பூட்டு இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சமையல் அவனுடையது. மாவுக்கட்டுப் பிரித்த பிறகும் இது நடந்துவருகிறது. கை சரியாகிவிட்டதே, இனி ஏன் என்று அடுத்த வீட்டு ஆச்சி கேட்டதற்கு, "கையில்லாத நாளுக்கா சமைக்கப் பழகுகிறான்? வயிறு உள்ள நாளுக்கெல்லாம் வேண்டும் ஆச்சி" என்றாளாம் என் தமக்கை. நாளைக்கு அவனும் ஒரு திருப்பூருக்கோ சென்னைக்கோ போய்த் தனி அறையில் இருக்க வேண்டியவன்தானே?

சென்ற வாரம் மருமகன் எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தான். திருப்பூர்ப் பிள்ளை அவனுக்கு அனுப்பியதாம். ஒரு சின்ன அறை. தரையில் விரித்த பழைய செய்தித்தாளின் மேல் ஒரு எவர்சில்வர் தட்டு. தட்டில் உளுந்தஞ் சோறு. ஓரத்தில் கொஞ்சம் துவையல். பக்கத்தில் இன்னொரு தட்டும் இருந்தது. அறைக்கு அடுத்த அறையில் இருக்கிறவனையும் சாப்பிட அழைத்திருக்கிறான். படத்தின் கீழே இரண்டே வார்த்தை எழுதியிருந்தது: கோழி விருந்து.

அதை என் மனைவியிடம் பெருமையாகக் காட்டினேன். அவள் நன்றாகப் பார்த்துவிட்டு, "ரொம்ப சந்தோஷம். இந்த ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் யார் முறை?" என்று கேட்டாள்.

உளுந்து வறுக்க வேண்டும், நான் விடைபெற்றுக்கொள்கிறேன்.